முதல் ஆஸ்திரேலியப் பயணம்: விசாவிலிருந்து வரிப்பணத்தைத் திரும்பப் பெறுவது வரை

ஆஸ்திரேலியாவுக்கு முதன்முறை போகிறவர்கள் படும் பாட்டில் பாதி, தூரத்தைக் குறைத்து மதிப்பிட்டதால் வருவது. வரைபடத்தில் சிட்னி, மெல்பர்ன், கெய்ர்ன்ஸ், உலுரு, பெர்த் என்று ஐந்து புள்ளி வைப்பார்கள், 10 நாளில் ஐந்தையும் பார்த்துவிடலாம் என்று டிக்கெட் போடுவார்கள். கடைசியில் விமான நிலையங்களைத்தான் அதிகம் பார்த்திருப்பார்கள். மீதிப் பாதிப் பாடு காகிதங்களில். விசாவுக்கு ஏற்ற ஆவணம் போதாமல் போவது, இறங்கியதும் தரும் அட்டையில் ஒரு கட்டத்தைத் தவறாக நிரப்புவது. இரண்டையும் வீட்டிலிருந்தே தவிர்க்கலாம். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள், ஒன்று முடிந்தால்தான் அடுத்ததற்கு விடை கிடைக்கும்.

1. முதலில் தூரக் கணக்கு

இந்தியாவைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரிய நிலப்பரப்பு. ஊர்களோ பெரும்பாலும் கடலோரத்தில், ஒன்றுக்கொன்று வெகு தொலைவில். சிட்னியிலிருந்து மெல்பர்னுக்குச் சாலை வழியே சுமார் 880 கிலோமீட்டர், விமானத்தில் ஒன்றரை மணி நேரம். சிட்னி - பிரிஸ்பேன் 900 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பிரிஸ்பேனிலிருந்து கெய்ர்ன்ஸ் இன்னும் 1,700 கிலோமீட்டர், அதுவும் ஒரே மாநிலத்துக்குள். சிட்னியிலிருந்து பெர்த்துக்கு விமானத்திலேயே 5 மணி நேரம். உலுரு பாறை ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் "பக்கத்தில்" இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் இடையே சுமார் 450 கிலோமீட்டர், காரில் 5 மணி நேரம்.

ஒவ்வொரு உள்நாட்டு விமானப் பயணமும் ஒரு பாதி நாளைத் தின்னும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறையைக் காலி செய்து, விமான நிலையம் போய், பறந்து, பெட்டி எடுத்து, அடுத்த ஊர் அறைக்குள் நுழைவதற்குள் மாலையாகிவிடும். அந்தக் கணக்கில் இரண்டு வாரத்துக்கு மூன்று பகுதிகள் போதும், நான்கு என்பது உச்சம். சிட்னி 4 நாள், கெய்ர்ன்ஸ் 3 நாள், உலுரு 2 இரவு, மெல்பர்ன் 4 நாள் என்பது மூச்சு வாங்காமல் போகக்கூடிய பாதை. பெர்த்தும் மேற்குக் கரையும் வேண்டுமானால் அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் இரண்டு கரையையும் தொடுவதில் பணமும் போகிறது, பார்த்த நிறைவும் இல்லை.

2. எந்த மாதம்?

பருவங்கள் தலைகீழ் என்பது எல்லாருக்கும் தெரியும்: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. ஆனால் நாடு முழுவதற்கும் ஒரே "நல்ல மாதம்" கிடையாது என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

வடக்கே டார்வின், ககாடு தேசியப் பூங்கா, கெய்ர்ன்ஸ் பகுதிகளில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். சாலைகள் மூழ்கும், ககாடுவில் பல இடங்களை மூடிவிடுவார்கள், புயலும் வரலாம். கெய்ர்ன்ஸ் கரையோரக் கடலில் நவம்பர் முதல் மே வரை கொடிய நஞ்சுள்ள பெட்டி ஜெல்லிமீன் இருக்கும். வலை கட்டிய இடத்தில் மட்டும்தான் இறங்க வேண்டும், உடலை மூடும் நீச்சலுடையும் அணிய வேண்டும். நடுப் பாலைவனத்தில் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மே முதல் செப்டம்பர் வரை அங்கே பகல் இதமாக இருக்கும், ஆனால் இரவில் பூஜ்யத்தை ஒட்டிக் குளிரும். தெற்கே மெல்பர்னிலும் தாஸ்மேனியாவிலும் ஜூன், ஜூலை குளிரும் மழையும்.

வடக்கு, நடு, கிழக்கு மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க ஆசைப்பட்டால் மே கடைசியும் செப்டம்பரும் சரியான காலம். கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி கடைசி வரை அங்கே பள்ளி விடுமுறை. அறை வாடகையும் விமானக் கட்டணமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். ஈஸ்டர் வாரமும் அப்படித்தான்.

3. விசா: நேரம் அதிகம் எடுத்துக்கொள்ள வேண்டிய படி

எந்த விசா என்பதை முடிவு செய்வது உங்கள் பாஸ்போர்ட். நீங்கள் வசிக்கும் நாடு அல்ல. சிங்கப்பூரில் வேலை பார்த்தாலும் கையில் இந்திய பாஸ்போர்ட் என்றால் இந்தியருக்கான வழிதான்.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு வருகையாளர் விசா, சப்கிளாஸ் 600. மலேசிய, சிங்கப்பூர், கனடா பாஸ்போர்ட்டுக்கு ஈடிஏ எனப்படும் சப்கிளாஸ் 601. அதைக் கைபேசிச் செயலியிலேயே விண்ணப்பிக்கலாம், சேவைக் கட்டணம் 20 ஆஸ்திரேலிய டாலர். பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய பாஸ்போர்ட்டுகளுக்கு ஈவிசிட்டர், சப்கிளாஸ் 651. அதற்குக் கட்டணமே இல்லை. இந்த இரண்டுக்கும் ஆவணக் குவியல் தேவைப்படாது என்பதால், கீழே உள்ளது 600-க்கு விண்ணப்பிப்பவர்களுக்கு.

நாட்டுக்கு வெளியிலிருந்து விண்ணப்பித்தால் சுற்றுலாப் பிரிவின் கட்டணம் 2025 ஜூலை 1 முதல் 200 ஆஸ்திரேலிய டாலர். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை முதல் தேதியில் கட்டணம் மாறும். கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். மறுத்தால் பணம் திரும்ப வராது. ஆஸ்திரேலிய உள்துறையின் இம்மிஅக்கவுண்ட் கணக்கில் மட்டுமே விண்ணப்பியுங்கள். அந்தத் தளத்தின் முகவரி "கவ் டாட் ஏயூ" என்று முடியும். தேடினால் மேலே வந்து நிற்கும் விளம்பரத் தளங்கள் பல, கட்டணத்தின் மேல் தங்கள் பங்கையும் வைத்து வாங்குபவை.

அதிகாரி பார்ப்பது இரண்டே விஷயம்: செலவுக்குப் பணம் இருக்கிறதா, பயணம் முடிந்ததும் ஊர் திரும்புவீர்களா. ஆவணம் ஒவ்வொன்றும் இந்த இரண்டில் ஒன்றுக்குப் பதிலாக இருக்க வேண்டும்.

பணத்துக்கு: குறைந்தது மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம், வருமான வரி தாக்கல் செய்த சான்று, சம்பளச் சீட்டு. விண்ணப்பிக்கும் வாரத்தில் திடீரென்று பெரிய தொகையைக் கணக்கில் போட்டுக் காட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அந்த வரி உடனே கண்ணில் படும். நியாயமான பணம்தான் என்றால் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு காகிதம் சேர்த்துவிடுங்கள்: நிலம் விற்ற பத்திரம், முதிர்ந்த வைப்பு நிதியின் ரசீது, எதுவாக இருந்தாலும் சரி.

திரும்புவதற்கு: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை விடுப்பு, எப்போது வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதிய அலுவலகக் கடிதம், சொந்தத் தொழில் என்றால் பதிவுச் சான்றும் வரிக் கணக்கும், வீடு நிலம் இருந்தால் அதன் ஆவணம், ஊரில் இருக்கும் குடும்ப விவரம். முன்பு வேறு நாடுகளுக்குப் போய் ஒழுங்காகத் திரும்பியிருந்தால் அந்த முத்திரைப் பக்கங்களையும் சேருங்கள், அவற்றுக்கு நல்ல மதிப்பு உண்டு.

மகன், மகள் வீட்டுக்குப் போகும் பெற்றோர் என்றால் அவர்களின் அழைப்புக் கடிதம், அவர்களுடைய விசா அல்லது குடியுரிமைச் சான்றின் நகல், முகவரிச் சான்று, உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ். 75 வயது தாண்டியவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை கேட்பார்கள், அதற்கு நாள் பிடிக்கும். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை பெற்றோரில் ஒருவருடன் மட்டும் போனால், மற்றவரின் சம்மதத்துக்குப் படிவம் 1229.

ஆங்கிலத்தில் இல்லாத ஆவணம் ஒவ்வொன்றுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டும். ஆவணங்களை வண்ணத்தில் ஸ்கேன் செய்து, ஆறு மாதக் கணக்கு விவரத்தை ஆறு துண்டாக ஏற்றாமல் ஒரே கோப்பாக்கி, அதன் பெயரிலேயே உள்ளே இருப்பது என்ன என்று தெரியும்படி வையுங்கள். பொய்யான ஆவணம் ஒன்று அகப்பட்டாலும் அந்த விண்ணப்பம் மறுக்கப்படுவதோடு மூன்று ஆண்டுக்கு வேறு விசாவும் கிடைக்காமல் போகும். "எல்லாரும் வைக்கிறார்கள்" என்று யாராவது ஒரு போலிச் சம்பளச் சீட்டை நீட்டினால் தயவுசெய்து தொடாதீர்கள்.

கைரேகையும் புகைப்படமும் கேட்டுக் கடிதம் வந்தால் அதில் உள்ள கெடுவுக்குள் மையத்துக்குப் போய்விடுங்கள். விசா சில நாளிலும் வரும், பல வாரமும் ஆகும். புறப்படும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பிப்பது நிம்மதி. விசா வரும்வரை பணம் திரும்பாத விமான டிக்கெட் வாங்காதீர்கள். பயணத் திட்டம், தங்குமிட விவரம் காட்டினாலே போதும்.

விசா கிடைத்ததும் மின்னஞ்சலில் ஒரு கடிதம் வரும். பாஸ்போர்ட்டில் எதுவும் ஒட்டமாட்டார்கள். அந்தக் கடிதத்தில் மூன்று வரிகளை விரல் வைத்துப் படியுங்கள். முதல் வரி, எந்தத் தேதிக்குப் பிறகு நாட்டுக்குள் நுழையக் கூடாது என்பது. இரண்டாவது, ஒவ்வொரு முறை நுழைந்த நாளிலிருந்தும் எத்தனை மாதம் தங்கலாம் என்பது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் ஏராளம். "ஒரு வருட விசா" என்றால் ஒரு வருடம் தங்கலாம் என்று பொருள் இல்லை, தங்கும் காலம் 3 மாதம் என்று இருந்தால் நுழைந்த நாளிலிருந்து 3 மாதம்தான். மூன்றாவது வரி நிபந்தனை எண்கள். 8101 என்றால் வேலை பார்க்கக் கூடாது. 8503 என்றால் அங்கிருந்தபடியே பெரும்பாலும் வேறு விசாவுக்கு மாற முடியாது.

இடையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் புதிய எண்ணை இம்மிஅக்கவுண்டில் சேர்த்தாக வேண்டும். விசா பழைய எண்ணோடு கட்டப்பட்டிருக்கும், விமான நிறுவனம் ஏற விடாது. கிளம்புவதற்கு முன் வீவோ என்ற இணைய வசதியில் உங்கள் விசா நிலையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

4. டிக்கெட்

ஓர் ஊரில் இறங்கி வேறோர் ஊரிலிருந்து திரும்பும்படி டிக்கெட் போடுங்கள். சிட்னியில் இறங்கி மெல்பர்னிலிருந்து கிளம்பினால் திரும்பி வரும் ஓர் உள்நாட்டுப் பயணம் மிச்சம்.

ஆஸ்திரேலியாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனை, பெட்டி எடுப்பது, சுங்கம் எல்லாம் முடியும். ஒரே டிக்கெட்டில் கெய்ர்ன்ஸ் வரை போட்டிருந்தாலும் சிட்னியில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். சிட்னியில் பன்னாட்டு முனையமும் உள்நாட்டு முனையங்களும் ஓடுபாதைக்கு இரு புறம், நடந்து போக முடியாது. அதனால் இடைவெளி குறைந்தது 3 மணி நேரம். மெல்பர்னில் முனையங்கள் பக்கத்து பக்கத்தில், நடந்தே போகலாம்.

உள்நாட்டில் குவாண்டஸ், விர்ஜின் ஆஸ்திரேலியா, ஜெட்ஸ்டார் மூன்றும்தான் பெரியவை. ஜெட்ஸ்டாரின் மலிவு டிக்கெட்டில் கைப்பைகள் சேர்ந்தே 7 கிலோதான், வாசலில் எடை போடுவார்கள். பெட்டிக்கு டிக்கெட் வாங்கும்போதே பணம் கட்டினால் மலிவு, விமான நிலையத்தில் கட்டினால் வலிக்கும். இன்னொன்று: "மெல்பர்ன்" என்று மலிவாகக் காட்டும் சில டிக்கெட்டுகள் ஏவலான் விமான நிலையத்துக்கு. அது நகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். பெரிய விமான நிலையம் டல்லமரீனில் உள்ளது. ஏவலானிலிருந்து கிளம்ப வேண்டியவர் டல்லமரீனில் போய் நின்றால் அந்த விமானம் போனது போனதுதான்.

5. மருத்துவக் காப்பீடு, மருந்து, பணம், போன்

இந்திய, இலங்கை, மலேசியக் குடிமக்களுக்கு அங்கே அரசு மருத்துவ உதவி கிடையாது. ஆம்புலன்ஸ் வந்தாலே பெரிய பில். பயணக் காப்பீட்டை விட்டுவிடவே விடாதீர்கள், முதியவர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் நோய்களையும் சேர்த்து எடுங்கள். வழக்கமான மருந்துகள் அதிகபட்சம் 3 மாத அளவு, அசல் அட்டையோடு, ஆங்கிலத்தில் மருத்துவர் சீட்டோடு.

ரொக்கம் 10,000 ஆஸ்திரேலிய டாலரோ அதற்கு மேலோ இருந்தால் அறிவிக்க வேண்டும். ஆனால் அவ்வளவு தேவையே இல்லை, டீக்கடை வரை கார்டுதான். பல கடைகளில் கார்டுக்குச் சிறு கூடுதல் கட்டணமும், ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் உணவகங்களில் 10 முதல் 15 சதவீதம் கூடுதலும் போடுவார்கள். டிப்ஸ் கட்டாயம் இல்லை. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். மின்சாரம் 230 வோல்ட், ஆனால் பிளக்கில் இரண்டு சாய்ந்த தகடுகள் இருக்கும், அடாப்டர் வேண்டும்.

போன் விஷயத்தில் இப்போது புதிய சிக்கல் ஒன்று உண்டு. 2024-இல் அங்கே 3ஜி முழுவதையும் நிறுத்திவிட்டார்கள். 4ஜி வழியாக அவசர அழைப்பு செய்ய முடியாத கைபேசிகளை நெட்வொர்க்கே தடுத்துவிடும். வெளிநாட்டில் வாங்கிய சில பழைய மாடல்கள் இதில் மாட்டும், இன்டர்நெட் நன்றாக ஓடினாலும் பயனில்லை. அமைப்புகளில் வோல்ட்டி எனப்படும், 4ஜி வழியே பேசும் வசதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிம் கார்டை இயக்கப் பாஸ்போர்ட் எண் கேட்பார்கள். நகரங்களுக்குள் எந்த நிறுவனமும் சரி, ஊரை விட்டு வெளியே போவதானால் டெல்ஸ்ட்ரா எடுப்பவருக்குத்தான் சிக்னல் கிடைக்கும். அவசர எண் 000.

6. இறங்கும் நாள்: அந்த அட்டை

விமானத்திலேயே வருகையாளர் அட்டை ஒன்று தருவார்கள். அதில் உணவு, செடி, விலங்குப் பொருள் பற்றிய கேள்விகள்தான் முக்கியம். விதி இதுதான்: சந்தேகம் வந்தால் "ஆம்" என்று குறியுங்கள். "ஆம்" என்று குறித்துப் பையைத் திறந்து காட்டினால், அனுமதி இல்லாத பொருளை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள், அபராதம் இல்லை. "இல்லை" என்று குறித்துவிட்டுப் பையில் ஒரு மாம்பழமோ விதைப் பொட்டலமோ அகப்பட்டால், அந்த இடத்திலேயே பெரிய அபராதம், விசாவை ரத்து செய்யவும் அதிகாரம் உண்டு. மோப்ப நாயும் எக்ஸ்ரேயும் தப்ப விடாது. விமானத்தில் தந்த ஆப்பிளை மறந்து கைப்பையில் வைத்து மாட்டிக்கொள்வது எல்லா நாட்டவருக்கும் நடப்பதுதான், இறங்குமுன் இருக்கைப் பையையும் கைப்பையையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

பச்சைக் காய், பழம், கறிவேப்பிலை, முளைக்கும் விதை, இறைச்சி வேண்டவே வேண்டாம். பால் சேர்ந்த இனிப்புகளிலும் பெரும்பாலும் சிக்கல். ஊறுகாய், பொடி வகைகள் கொண்டுபோனால் கடையில் மூடி முத்திரையிட்ட பாக்கெட்டாக இருக்கட்டும், எல்லாவற்றையும் ஒரே பையில் மேலாக வையுங்கள், அறிவியுங்கள். கடந்த 30 நாளில் வயல், பண்ணை, கால்நடை பக்கம் போனீர்களா என்றும் ஒரு கேள்வி உண்டு. செருப்பு, ஷூவில் மண் ஒட்டியிருக்கக் கூடாது, ஊரிலேயே தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

7. நகருக்குள் போக

சிட்னியில் ரயில், பஸ், படகு எல்லாவற்றுக்கும் உங்கள் வங்கிக் கார்டையோ போனையோ ஏறும்போதும் இறங்கும்போதும் தட்டினால் போதும். ஒரு கார்டு ஒருவருக்குத்தான். ஏறும்போது கார்டையும் இறங்கும்போது போனையும் தட்டினால் இரண்டு பேர் பாதியில் இறங்கியதாகக் கணக்காகி, இரண்டிலும் அதிகபட்சக் கட்டணம் பிடிக்கும். 4 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஓப்பல் என்னும் பயணக் கார்டில் சிறுவருக்கானதை வாங்குங்கள், வங்கிக் கார்டு தட்டினால் பெரியவர் கட்டணம். விமான நிலைய ரயில் நிலையத்துக்கு மட்டும் டிக்கெட்டுக்கு மேல் 17 டாலருக்கும் அதிகமாகத் தனிக் கட்டணம். நான்கு பேர் என்றால் டாக்சியே கட்டுப்படியாகலாம். பெட்டி குறைவாக இருந்தால் 420 பஸ்ஸில் மாஸ்காட் நிலையம் போய் அங்கே ரயில் ஏறினால் அந்தக் கட்டணம் இல்லை.

மெல்பர்ன் நகர மையத்தில் டிராம் இலவசம். அந்த எல்லைக்கு வெளியே மைக்கி கார்டு வேண்டும், கார்டின் விலை 6 டாலர். எல்லை முடியும் நிறுத்தத்தை டிராமிலேயே அறிவிப்பார்கள், கவனியுங்கள். விமான நிலையத்துக்கு ரயில் இல்லை, ஸ்கைபஸ் உண்டு. பிரிஸ்பேனில் பஸ், ரயில், படகு எதுவானாலும் ஒரு பயணம் 50 சென்ட், விமான நிலைய ரயில் மட்டும் அதில் சேராது. பெர்த் மையத்தில் இலவச கேட் பஸ்கள்.

நேரத்திலும் ஒரு பொறி. அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை சிட்னி, மெல்பர்ன், அடிலெய்ட், ஹோபார்ட், கான்பெராவில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைப்பார்கள். பிரிஸ்பேன், டார்வின், பெர்த்தில் வைப்பதில்லை. கோல்ட் கோஸ்ட் விமான நிலையம் இருப்பது இரண்டு மாநில எல்லையில், கோடையில் தெருவைக் கடந்தால் மணி மாறும். உலுரு கோடையில் சிட்னியைவிட ஒன்றரை மணி பின்னால், குளிர்காலத்தில் அரை மணி.

8. மாநிலம் விட்டு மாநிலம்

ரயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள். சிட்னி - மெல்பர்ன் ரயில் சுமார் 11 மணி நேரம். அடிலெய்டிலிருந்து டார்வினுக்கு 2,979 கிலோமீட்டர் ஓடும் கான், சிட்னியிலிருந்து பெர்த்துக்கு 4,352 கிலோமீட்டர் ஓடும் இந்தியன் பசிபிக் இரண்டும் அருமையான அனுபவம், ஆனால் அவை சொகுசுச் சுற்றுலா, விமானத்தைவிடப் பல மடங்கு விலை.

நாட்டுக்குள்ளும் பழச் சோதனை உண்டு என்பது பலருக்கும் தெரியாது. மெல்பர்னில் வாங்கிய பழத்தோடு காரில் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் போனால் அபராதம், பழ ஈயைத் தடுக்க அவ்வளவு கண்டிப்பு. மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் தேன்கூடக் கொண்டுபோகக் கூடாது. எல்லைக்கு முன் இருக்கும் தொட்டியில் போட்டுவிடுங்கள்.

9. கார் எடுப்பதானால்

மெல்பர்ன் பக்கத்துக் கடலோரச் சாலையான கிரேட் ஓஷன் ரோடு போன்ற இடங்களுக்கு வாடகைக் கார் மிகச் சிறந்தது. வண்டி இடப் பக்கம் ஓடும் என்பது நமக்கு வசதி. அசல் ஓட்டுநர் உரிமம், கூடவே பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி இரண்டையும் கையில் வையுங்கள். அனுமதி மட்டும் இருந்து அசல் இல்லையென்றால் செல்லாது. போனில் காட்டும் உரிமத்தை நம்பிப் போகாதீர்கள். முன்பணம் பிடிக்க ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். 25 வயதுக்குக் குறைந்தவருக்குக் கூடுதல் கட்டணம். 7 வயது வரை பிள்ளைகளுக்குத் தகுந்த இருக்கை சட்டப்படி கட்டாயம்.

சுங்கச் சாவடி என்று கதவோ ஆளோ இருக்காது. சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் சாலைகளில் தலைக்கு மேல் ஒரு கம்பிச் சட்டம், அதில் கேமரா, அவ்வளவுதான். நீங்கள் கடந்ததே தெரியாது. இரண்டு வாரம் கழித்துச் சுங்கக் கட்டணமும் அதற்குமேல் வாடகை நிறுவனத்தின் நிர்வாகக் கட்டணமும் கார்டில் பிடிக்கும். சாவி வாங்கும்போதே "சுங்கத்துக்கு என்ன ஏற்பாடு, ஒரு முறைக்கா ஒரு நாளுக்கா" என்று கேட்டுவிடுங்கள், அல்லது வரைபடச் செயலியில் சுங்கச் சாலைகளைத் தவிர்க்கும் பொத்தானை அழுத்துங்கள்.

குடியிருப்புப் பகுதிகளில் பலகை இல்லையென்றால் வேக எல்லை 50. நெடுஞ்சாலைகளில் பொதுவாக 100 அல்லது 110. கையில் போன் பிடித்தாலோ பெல்ட் போடாவிட்டாலோ மேலிருக்கும் கேமரா படம் எடுக்கும். மெல்பர்னில் டிராம் நின்று கதவு திறந்திருந்தால் அதைத் தாண்டிப் போகக் கூடாது. மையத்தில் சில சந்திப்புகளில் வலப்பக்கம் திரும்ப இடது ஓரம் போய்க் காத்திருந்து திரும்ப வேண்டும், பலகை தொங்கும்.

ஊருக்கு வெளியே ஒரே கட்டளை: பொழுது சாய்ந்தபின் ஓட்டாதீர்கள். கங்காருகள் அந்தியிலும் விடியலிலும்தான் சாலைக்கு வரும். ஓரப் புதரிலிருந்து எகிறி நேராக முன்விளக்குக்கே வரும், ஒன்று போனதும் பின்னால் இன்னொன்று வரும். திசை திருப்பித் தப்பப் பார்த்துக் கார் உருளும் விபத்துகளே மோசமானவை, நேராகப் பிரேக் பிடியுங்கள். தொலைதூரப் பகுதிகளில் இருட்டியபின் ஓட்டினாலோ, மண்சாலையில் போனாலோ பல வாடகை ஒப்பந்தங்களில் காப்பீடு செல்லாது. அந்தப் பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பெட்ரோலைப் பாதி டேங்கிலேயே நிரப்புங்கள். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் கூபர் பீடிக்கும் கிளெண்டாம்போவுக்கும் இடையே சுமார் 250 கிலோமீட்டருக்கு ஒரு பங்க்கும் இல்லை. வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். நிழலும் தண்ணீரும் அங்கேதான், தேடி வருபவர்கள் கண்ணில் படுவதும் வண்டிதான். 50 மீட்டருக்கும் மேல் நீளும் ரோடு டிரெயின் லாரிகளை முந்த வெகு தூரம் வெற்றுச் சாலை வேண்டும், இல்லையென்றால் பின்னாலேயே போங்கள்.

10. உலுருவும் கடலும்

உலுருவுக்கு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வழியாகப் போக வேண்டியதில்லை, ஏயர்ஸ் ராக் விமான நிலையத்துக்கே சிட்னியிலிருந்தும் மெல்பர்னிலிருந்தும் விமானம் உண்டு. பக்கத்தில் தங்குமிடம் யுலாரா ஒன்றுதான், அதனால் வாடகை கூடுதல். விமானத்துக்கு முன் அறையைப் பாருங்கள். பூங்கா நுழைவுச் சீட்டு 3 நாளுக்குப் பெரியவருக்கு 38 டாலர், 18 வயதுக்குக் கீழ் இலவசம். பாறை மேல் ஏறுவது 2019 அக்டோபர் 26 முதல் தடை. அது அனங்கு என்ற பழங்குடி மக்களுக்குப் புனிதமான இடம், சில பகுதிகளில் படம் எடுக்கக் கூடாது என்ற பலகைகளை மதியுங்கள். அடிவாரத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் நடக்கலாம், விடியற்காலையில் தொடங்குங்கள். 36 டிகிரி என்று முன்னறிவிப்பு இருந்தால் அதே பூங்காவிலுள்ள காட்டா ஜுட்டா பாறைகளின் காற்றுப் பள்ளத்தாக்குப் பாதையைக் காலை 11 மணிக்கு மூடிவிடுவார்கள். முகத்தில் மொய்க்கும் ஈக்களுக்குத் தலைவலை வாங்கிக்கொள்ளுங்கள், விளையாட்டாகச் சொல்லவில்லை.

கடலில் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு இடையே மட்டும் இறங்குங்கள். உயிர்காப்பாளர் பார்ப்பது அந்த இடத்தைத்தான். அலை அமைதியாகத் தெரியும் பகுதியில்தான் உள்ளிழுக்கும் நீரோட்டம் இருக்கும். வடக்கே முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் கரையோரம்கூட நிற்காதீர்கள்.

11. கிளம்பும் நாள்: 10 சதவீத வரியைத் திரும்ப வாங்க

ஒரே வணிகரிடம் 300 டாலர் அல்லது அதற்கு மேல், கிளம்புவதற்கு முந்தைய 60 நாளுக்குள் வாங்கியிருந்தால், செலுத்திய ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறலாம். விலையைப் 11 ஆல் வகுத்தால் அந்தத் தொகை. 660 டாலர் போனுக்கு 60 டாலர். கடையில் வரி விலைப்பட்டியல் கேட்டு வாங்குங்கள், கார்டு மெஷின் துண்டுச் சீட்டு போதாது. 1,000 டாலரும் அதற்கு மேலும் என்றால் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும்.

பொருளைக் கைப்பையில் வையுங்கள், கவுண்டரில் காட்டச் சொல்வார்கள். கைப்பையில் அனுமதி இல்லாத திரவமோ பெரிய பொருளோ என்றால், பெட்டியை ஒப்படைக்கும் முன்பே எல்லைப்படை அலுவலகத்தில் காட்டி முத்திரை வாங்க வேண்டும். பெட்டி போனபின் எதுவும் செய்ய முடியாது. விவரங்களை இதற்கென உள்ள அரசுச் செயலியில் முன்பே பதிந்து வைத்தால் தனி வரிசை கிடைக்கும். கவுண்டர் குடியேற்றச் சோதனைக்குப் பிறகு உள்ளே இருக்கும். விமானம் புறப்படும் நேரத்துக்கு 30 நிமிடம் முன்பு வரைதான் வாங்குவார்கள். இரவு விமானங்கள் கிளம்பும் வேளையில் வரிசை நீளும், அதனால் வழக்கமான 3 மணி நேரத்தோடு இன்னும் அரை மணி சேர்த்துக் கிளம்புங்கள்.